'டுமாரோ நெவர் நோஸ்': மூன்று நிமிடப் பாட்டு பதிவான கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் பாட்டைப் பற்றிப் பேசுகிறோம்?

பீட்டில்ஸ் குழு 1966 ஆகஸ்ட் 5 அன்று பிரிட்டனில் வெளியிட்ட 'ரிவால்வர்' ஆல்பத்தின் 14-ஆவது பாட்டு. அதுவே கடைசிப் பாட்டும். நீளம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பல்லவி கிடையாது, காதலி கிடையாது, கைதட்டிக்கொண்டே கூடப் பாட ஓர் இடம் கிடையாது. ஒரே சுருதியில் நிற்கும் பேஸ் கிட்டார், மாறவே மாறாத ஒரு ட்ரம் அடி, பறவைக் கூட்டம் கத்திக்கொண்டு போவது போன்ற சத்தங்கள், இவற்றுக்கு நடுவே எங்கேயோ தூரத்திலிருந்து வரும் ஜான் லெனனின் குரல். அவ்வளவுதான் பாட்டு.

முதல் தடவை கேட்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள்: "என்னப்பா இது சத்தம்?" அல்லது "இது 1966-இல் செய்ததா? நிஜமாகவா?" இரண்டாவது வகைக்காரர்கள் அடுத்தடுத்துக் கேட்கும் கேள்விகளுக்குத்தான் இந்தப் பக்கம்.

ஆல்பத்தில் கடைசி என்றால், கடைசியாகப் பதிவு செய்ததா?

இல்லை. இதுதான் முதலில் பதிவானது. 1966 ஏப்ரல் 6, இரவு 8 மணிக்கு லண்டன் அபே ரோடில் இருந்த ஈ.எம்.ஐ. ஸ்டூடியோவின் மூன்றாம் எண் அறையில் வேலை தொடங்கியது. அப்போது பாட்டுக்குப் பெயர்கூட இல்லை. டேப் பெட்டியில் 'மார்க் ஒன்று' என்று எழுதி வைத்தார்கள். ஆல்பத்தின் மற்றப் பாட்டுகளெல்லாம் இதற்குப் பிறகு வந்தவை. ஜூன் 21 வரை வேலை நடந்தது.

1963 பிப்ரவரி 11 அன்று இதே குழு இதே கட்டடத்தில் ஒரே நாளில் 10 பாட்டுகளைப் பதிவு செய்து முதல் ஆல்பத்தை முடித்திருந்தது. மேடையில் பாடுவதை அப்படியே டேப்பில் பிடிப்பதுதான் அன்றைக்கு ஸ்டூடியோவின் வேலை. மூன்று வருடத்தில் அந்த வேலை தலைகீழாக மாறிவிட்டது.

ஸ்டூடியோவில் யார் யார் இருந்தார்கள்?

நான்கு பீட்டில்ஸும் (ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார்) தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். தெரிய வேண்டிய இன்னும் இரண்டு பெயர்கள் உண்டு.

ஒருவர் ஜெஃப் எமரிக், ஒலிப்பதிவாளர். வயது 20. அதுவரை பீட்டில்ஸுக்குப் பதிவு செய்துவந்த நார்மன் ஸ்மித் பதவி உயர்ந்து தயாரிப்பாளராகிவிட, அந்த நாற்காலியில் எமரிக்கை உட்கார வைத்தார்கள். பீட்டில்ஸுக்கு அவர் பொறுப்பேற்றுச் செய்த முதல் பதிவு இதுதான். முதல் நாளே இந்தப் பாட்டு! பழைய ஆள் இருந்திருந்தால் "அப்படியெல்லாம் செய்யக் கூடாது" என்று சொல்லியிருக்கக்கூடிய இடங்களில் இந்தப் பையன் "செய்து பார்ப்போம்" என்றார்.

இன்னொருவர் கென் டவுன்செண்ட், ஸ்டூடியோவின் தொழில்நுட்பப் பொறியாளர். பாட்டில் எந்த வாத்தியமும் வாசிக்கவில்லை. ஆனால் அவர் இல்லாமல் லெனனின் குரல் அப்படி ஒலித்திருக்காது.

ஈ.எம்.ஐ. என்றதும் நம்மூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபட ஒரு தகவல்: கிராமபோன் முன்னால் நாய் உட்கார்ந்திருக்கும் எச்.எம்.வி. ரெக்கார்டுகளின் தாய்க் கம்பெனியாக இருந்தது இதுதான். அதிகாரிகள் கோட்டு சூட்டிலும் தொழில்நுட்ப ஊழியர்கள் வெள்ளைக் கோட்டிலும் நடமாடிய, விதிமுறைப் புத்தகம் வைத்து நடத்திய நிறுவனம்.

பாட்டு முழுக்க ஒரே கார்டு என்கிறார்களே, உண்மையா?

கிட்டத்தட்ட. (கார்டு என்பது சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது.) பேஸ் கிட்டார் 'சி' ஸ்வரத்தை விட்டு நகர்வதே இல்லை. மேலே மட்டும் அவ்வப்போது 'பி ஃப்ளாட்' கார்டு வந்து தொட்டுவிட்டுத் திரும்பிப் போகிறது. பாட்டு தொடங்கும்போதே தம்புரா கேட்கும். ஜார்ஜ் ஹாரிசன் வாசித்தது.

மேற்கத்திய பாப் பாட்டுக்கு இது பெரிய விலகல். கார்டு மாறுவதால்தான் அங்கே பாட்டு 'நகர்கிறது' என்ற உணர்வே வரும். கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கோ சுருதி நகராமல் நிற்பது வெகு சாதாரணம். பாட்டின் ரகசியமே இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. அடியில் சுருதியும் தாளமும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்துவிட்டதால், மேலே எதைக் கொட்டினாலும் பாட்டு குலையவில்லை. அந்தப் பறவைச் சத்த லூப்களை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் டேப் வளையங்களை, நாலு கார்டு மாறும் ஒரு சாதாரணப் பாட்டின் மேல் போட்டிருந்தால் இரண்டாவது வரியிலேயே ஒட்டாமல் போயிருக்கும்.

அப்படியென்றால் இதை இந்திய இசை என்று சொல்லலாமா?

வேண்டாம். ஸ்வரங்களை எடுத்து அடுக்கினால் கைசிகி நிஷாதத்தோடு அரிகாம்போதி வரிசை வரும், அது சரி. ஆனால் கமகம் இல்லை, சஞ்சாரம் இல்லை, ஆலாபனைக்குரிய வளர்ச்சி இல்லை. எடுத்துக்கொண்டது சுருதி என்ற கருத்தை மட்டும். அதை ஹாரிசன் வழியாக எடுத்தார்கள். 1965 அக்டோபரில் பதிவான 'நார்வீஜியன் வுட்' பாட்டிலேயே அவர் சித்தார் வாசித்திருந்தார். தம்புரா வந்தது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி.

ட்ரம் ஏன் அப்படி இடிக்கிறது?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் லூப்களின் புகழில் ட்ரம்மை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

முதலில் வாசிப்பு. ரிங்கோ ஸ்டார் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அடியை வாசிக்கிறார். ஃபில் (இடையே நிரப்பும் உருட்டல்) கிடையாது, முத்தாய்ப்பு கிடையாது. கேட்கச் சுலபம், வாசிக்கிறவருக்குத்தான் தெரியும், மூன்று நிமிடம் கை அரிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று. இது ட்ரம்மையே லூப் போட்டு ஓடவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். முதல் டேக்கில் (பாட்டைப் பதிவு செய்யும் ஒவ்வொரு முயற்சியும் ஒரு டேக்) அடிநாதமாக ஒரு லூப் ஓடியது உண்மைதான். ஆனால் நாம் ஆல்பத்தில் கேட்பது மூன்றாவது டேக். அதில் இருப்பது மனிதக் கைகள்.

அப்புறம் பதிவு. பேஸ் ட்ரம்முக்கு இவ்வளவு தூரத்துக்குள் மைக் வைக்கக் கூடாது என்று ஈ.எம்.ஐ.யில் விதி இருந்தது. ட்ரம்மிலிருந்து வரும் காற்றழுத்தம் விலையுயர்ந்த மைக்கைக் கெடுத்துவிடும் என்ற பயம். எமரிக் மைக்கைச் சில அங்குல தூரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஸ்டூடியோவில் நான்கு கழுத்து வைத்துப் பின்னிய ஒரு பெரிய கம்பளி ஸ்வெட்டர் கிடந்தது. நாலு பேரும் ஒரே சட்டையில் தலைநீட்ட வசதியாகப் பின்னிய வேடிக்கைப் பொருள். அதைச் சுருட்டி பேஸ் ட்ரம்முக்குள் திணித்தார். 'டொய்ங்' என்று நீண்டுகொண்டிருந்த சத்தம் 'தம்' என்று அறுந்தது.

பிறகு அந்தச் சத்தத்தை ஃபேர்சைல்ட் 660 என்ற லிமிட்டருக்குள் செலுத்தி நன்றாக அமுக்கினார்கள். லிமிட்டர் என்பது சத்தம் ஓர் அளவைத் தாண்டும்போது அதைத் தட்டி உட்கார வைக்கும் கருவி. மிதமாகப் பயன்படுத்தினால் அது இருப்பதே தெரியாது. இங்கே மிதம் என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு அடியிலும் கருவி அமுக்கிவிட்டு மூச்சு வாங்கி எழுகிறது. சிம்பலின் சத்தம் உள்ளே உறிஞ்சப்பட்டுத் திரும்ப வீங்குவது காதில் விழும். ஹெட்போனில் முதல் பத்து விநாடி ட்ரம்மை மட்டும் கவனியுங்கள், புரியும்.

மைக் விதியை மீறியது நிர்வாகத்தின் காதுக்குப் போனது. கடைசியில், பீட்டில்ஸ் பதிவுகளுக்கு மட்டும் பரவாயில்லை என்று அனுமதி கொடுத்தார்கள்.

லெனனின் குரலுக்கு என்ன செய்தார்கள்?

லெனன் கேட்டது இதுதான்: மலையுச்சியில் நின்று தலாய் லாமா ஓதுவது போல என் குரல் ஒலிக்க வேண்டும். எப்படி என்பது உங்கள் பாடு. கயிற்றில் தன்னைத் தலைகீழாகத் தொங்கவிட்டு மைக்கைச் சுற்றிச் சுழற்றிவிடலாமே என்றும் ஒரு யோசனை சொன்னதாக உடனிருந்தவர்கள் பதிந்திருக்கிறார்கள்.

நல்லவேளை, ஸ்டூடியோவில் ஹேமண்ட் ஆர்கனோடு இணைந்த லெஸ்லி ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. மர அலமாரி மாதிரி இருக்கும். உள்ளே ஸ்பீக்கரின் சத்தம் ஒரு சுழலும் கொம்பு வழியாக வெளியே வரும். கொம்பு நம்மை நோக்கித் திரும்பும்போது சுருதி இம்மியளவு ஏறும், விலகும்போது இறங்கும். ரயில் ஹார்ன் நம்மைக் கடந்து போகும்போது சத்தம் மாறுகிறதே, அதே டாப்ளர் விளைவுதான். ஆர்கனின் சத்தம் அலையலையாக வருவதற்காகச் செய்த கருவி.

டவுன்செண்ட் அதன் இணைப்புகளைப் பிரித்து, ஆர்கனுக்குப் பதிலாக லெனனின் குரல் அதற்குள் போகும்படி வயரை மாற்றிப் பூட்டினார். ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் வைத்து மறுபடி பதிவு. கயிறு தேவைப்படவில்லை; பாடகருக்குப் பதில் ஸ்பீக்கர் சுழன்றது.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: பாட்டு முழுக்க லெஸ்லி இல்லை. முதல் 87 விநாடிகளில் கேட்பது இரட்டிப்பான சாதாரணக் குரல். நடுவில் வாத்தியப் பகுதி முடிந்து நான்காவது சரணம் தொடங்கும்போதுதான் லெஸ்லி குரல் வருகிறது. இந்தப் பிரிவு தெரிந்த பிறகு கேட்டால், இரண்டாம் பாதியில் பாடுகிறவர் அறையை விட்டே வெளியேறிவிட்டதுபோல் இருக்கும்.

இரட்டிப்பான குரல் என்றால்? இரண்டு தடவை பாடினாரா?

வழக்கமாக அப்படித்தான். ஒரு தடவை பாடியதன் மேல் மறுபடி அச்சு அசலாக அப்படியே பாட வேண்டும். குரல் கனமாக வரும். லெனனுக்கு அந்த ஒலி பிடிக்கும், அந்த வேலை பிடிக்காது. அவருடைய புலம்பலைக் கேட்டுக் கேட்டு டவுன்செண்ட் 1966-இல் ஒரு வழி கண்டுபிடித்தார்: ஒரே பதிவை இரண்டாவது டேப் இயந்திரத்துக்கும் அனுப்பி, அதன் வேகத்தை லேசாக ஏற்றி இறக்கி, மிகச் சிறிய தாமதத்தோடு மூலக் குரலோடு கலப்பது. காது அதை இரண்டு பேர் என்று நம்பிவிடும். ஏ.டி.டி. (செயற்கை இரட்டிப்பு) என்று பெயர். இன்று இந்த வேலையை இலவசச் செயலிகள்கூடச் செய்கின்றன.

இது எப்படி வேலை செய்கிறது என்று லெனன் கேட்டதற்கு மார்ட்டின் வாய்க்கு வந்த ஒரு பொய்த் தொழில்நுட்பப் பெயரைச் சொல்லிவைக்க, அதிலிருந்த 'ஃப்ளாஞ்ச்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு லெனன் இதைக் 'கென்னின் ஃப்ளாஞ்சர்' என்று சொல்லித் திரிந்தாராம்.

டேப் லூப் என்றால் என்ன? பால் மெக்கார்ட்னிக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

ஸ்பூல் டேப் பார்த்தவர்களுக்குச் சுலபம். கால் அங்குல அகல டேப்பில் ஒரு துண்டை வெட்டி, இரண்டு முனைகளையும் ஒட்டி வளையமாக்குங்கள். அதை ரெக்கார்டரின் ஹெட்டை (டேப்பிலிருந்து சத்தத்தை எடுக்கும் பகுதியை)ச் சுற்றி ஓடவிட்டால் அதே சத்தம் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும். விநாடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் இயந்திரத்தில் ஒரு மீட்டர் வளையம் சுமார் 5 விநாடிக்கு ஒரு சுற்று வரும்.

பால் மெக்கார்ட்னி அந்த நாட்களில் ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனின் மின்னணு இசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் ப்ரெனெல் கம்பெனியின் டேப் ரெக்கார்டர் ஒன்று வைத்திருந்தார். டேப் ரெக்கார்டரில் பதிவு ஹெட்டுக்கு முன்னால் ஓர் அழிப்பு ஹெட் இருக்கும். பழைய சத்தத்தைத் துடைத்துவிட்டுப் புதியதை எழுத வழிவிடுவது அதன் வேலை. அதை வேலை செய்யவிடாமல் ஆக்கிவிட்டால் என்ன ஆகும்? வளையம் ஒவ்வொரு சுற்று வரும்போதும் புதிய சத்தம் பழையதன் மேலேயே படியும். நாலைந்து சுற்றில் டேப் தாங்க மாட்டாமல் சத்தம் கரகரத்துத் தடித்துவிடும். எது கிட்டார், எது சிரிப்பு என்று அடையாளம் போய்விடும். அந்தத் தடித்த, அடையாளமற்ற சத்தம்தான் அவருக்குத் தேவைப்பட்டது.

'பரிசோதனை செய்தவர் லெனன், இனிமையான மெட்டுப் போட்டவர் பால்' என்று ஒரு கதை நெடுங்காலமாக ஓடுகிறது. இந்தப் பாட்டு ஒன்று போதும் அதை மூட்டைகட்ட. பாட்டு லெனனுடையது; அதன் விநோதத்தில் பாதி பாலின் வீட்டில் தயாரானது.

அந்த லூப்களைப் பாட்டில் எப்படிச் சேர்த்தார்கள்?

ஏப்ரல் 7, மறுநாள். பால் ஒரு பை நிறைய லூப்களோடு வந்தார். கேட்டுப் பார்த்துக் கழித்தது போக, பாட்டில் நின்றவை ஐந்து.

ஐந்து லூப் ஓட ஐந்து இயந்திரம் வேண்டும். ஒரு கன்ட்ரோல் ரூமில் அவ்வளவு இருக்காது. எனவே கட்டடம் முழுக்க வெவ்வேறு அறைகளில் இருந்த டேப் இயந்திரங்களைப் பயன்படுத்தி, எல்லாவற்றின் சத்தத்தையும் வயர் வழியாக மூன்றாம் அறையின் மிக்ஸருக்குக் கொண்டுவந்தார்கள். வளையம் தொய்ந்தால் சத்தம் இழுபடும், சிக்கினால் அறுந்துவிடும். அதனால் ஒவ்வோர் இயந்திரத்தின் அருகிலும் ஓர் ஆள் நின்று, வளையத்துக்குள் பென்சிலை விட்டு விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஊழியர்கள், வேறு வேறு அறைகளில், பாட்டு காதில் விழாத இடத்தில், கையில் பென்சிலோடு நிற்கும் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குப் பாட்டின் உறையில் பெயர் கிடையாது.

ஐந்து லூப்களும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். மிக்ஸரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபேடர். ஃபேடரை ஏற்றினால் அந்தச் சத்தம் எழும், இறக்கினால் மறையும். பின்னணியில் பாட்டு ஓட, ஆட்கள் மிக்ஸரைச் சூழ்ந்து நின்று ஃபேடர்களை ஏற்றி இறக்கி 'வாசித்தார்கள்'. ஃபேடரைத் தூக்கும் நொடியில் வளையம் எந்த இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இன்னொரு தடவை செய்தால் அதே மாதிரி வராது. இதை மார்ட்டினே பின்னாட்களில் பெருமையாகச் சொல்வார்: அந்தக் கலவையை மறுபடி உருவாக்கவே முடியாது.

அன்று அதே நாளில் இவர்கள் 'காட் டு கெட் யூ இன்டு மை லைஃப்' என்ற பாட்டையும் தொடங்கிவிட்டார்கள் என்பது எனக்குப் பிடித்த உபரித் தகவல்.

ஐந்து லூப்களில் என்னென்ன இருக்கின்றன? எங்கே கேட்கலாம்?

பாட்டின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய இந்த நேரங்களில் முதல் தடவை தலைகாட்டுகின்றன. 7-ஆவது விநாடியில் கடற்பறவை கத்துவது போல ஒன்று. அது பாலின் சிரிப்பை வேகம் கூட்டி ஓட்டியது. 19-இல் ஓர் ஆர்கெஸ்ட்ரா பிடிக்கும் 'பி ஃப்ளாட்' கார்டு. 22-இல் மெல்லோட்ரானின் புல்லாங்குழல் ஒலி. 38-இல் அதே கருவியின் தந்தி ஒலி, இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே ஊசலாடிக்கொண்டு. 56-இல் சித்தார் போன்ற ஒரு துண்டு, வேகமாக மேலேறி ஓடுவது.

மெல்லோட்ரான் தெரியாதவர்களுக்கு: கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் ஒரு டேப் துண்டு இருக்கும். கட்டையை அழுத்தினால் அதில் பதிவான நிஜ வாத்தியம் ஒலிக்கும். இன்றைய சாம்ப்ளரின் பாட்டனார்.

நடுவில் வரும் அந்தத் தேய்ந்த கிட்டார்?

பின்னோக்கி ஓடுகிற கிட்டார். வாசித்த டேப்பைத் திருப்பிப் போட்டால் ஸ்வரம் மெல்ல வீங்கி எழுந்து, மீட்டிய நொடியில் வெட்டென்று நின்றுவிடும். இதே ஏப்ரலில் பதிவான 'ரெயின்' பாட்டின் முடிவில் லெனனின் குரலையே இப்படித் திருப்பினார்கள்.

வரிகள் திபெத்திய நூலிலிருந்து எடுத்தவையா?

நேரடியாக இல்லை. 1964-இல் அமெரிக்க உளவியலாளர்கள் டிமதி லியரி, ரால்ஃப் மெட்ஸ்னர், ரிச்சர்ட் ஆல்பர்ட் மூவரும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளை எடுப்பவர்களுக்கான வழிகாட்டி, அதற்குத் திபெத்தின் இறந்தோர் நூலைச் சட்டகமாக எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் இண்டிகா புத்தகக் கடையில் லெனன் அதை வாங்கினார். பாட்டின் தொடக்க வரி அந்தப் புத்தகத்தின் முன்னுரையிலிருந்து வந்தது. ஆக, திபெத்திய நூல் அமெரிக்கா போய், லண்டன் வந்து, பாட்டுக்குள் நுழைந்தது. மூவரில் ஆல்பர்ட் பிற்பாடு இந்தியா வந்து நீம் கரோலி பாபாவின் சீடராகி ராம் தாஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டார். அது தனிக் கதை.

தலைப்பு பாட்டில் எங்குமே வரவில்லையே?

ரிங்கோ பேசும்போது வாய்தவறி இலக்கணம் கோணிய வாக்கியங்களைச் சொல்வார். 1964-இல் ஒரு பி.பி.சி. பேட்டியில் அவர் அப்படி உதிர்த்தது இது. வரிகள் ரொம்பவும் தத்துவமாக இருப்பதாக லெனனுக்குக் கூச்சம். அதைக் கொஞ்சம் தணிக்க இந்த வேடிக்கைத் தலைப்பை வைத்தார்.

எல்லாமே போதையில் செய்ததுதானே?

வரிகளுக்கு எல்.எஸ்.டி. அனுபவம் மூலம் என்பதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பதிவு? வயர் மாற்றிப் பூட்டியது, மைக் தூரத்தை அளந்தது, டேப்பை வெட்டி ஒட்டியது, வளையம் அறாமல் பிடித்தது எல்லாம் நிதானமான கைகள் செய்த வேலை. கையில் இருந்ததோ நான்கு டிராக் டேப் இயந்திரம், அதாவது நான்கு தடங்களில் மட்டும் தனித்தனியாகப் பதியக்கூடியது. ஒரு தப்பு நேர்ந்தால் 'அன்டூ' கிடையாது. இவ்வளவு கெடுபிடிக்குள் வேலை பார்த்தவர்களின் உழைப்பை 'போதையில் வந்தது' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

டேப் லூப்பை முதலில் பயன்படுத்தியது இவர்களா?

இல்லவே இல்லை. பதிவு செய்த சத்தங்களை வெட்டி ஒட்டி இசையாக்குவதைப் பாரிஸில் பியர் ஷேஃபர் 1948-இலேயே தொடங்கிவிட்டார். லண்டனிலேயே பி.பி.சி. ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் 1958 முதல் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் ஸ்டீவ் ரைக் 1965-இல் இரண்டு லூப்களை வைத்தே ஒரு முழு ஆக்கம் செய்தார். பீட்டில்ஸ் செய்தது வேறு: ஆராய்ச்சிக் கூடத்திலும் வானொலி நிலையத்திலும் இருந்ததை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கும் ரெக்கார்டுக்குள் வைத்தார்கள். அதுவும் ஆட்டம் போட வைக்கும் ஒரு ட்ரம் அடியோடு.

லெனனுக்கு முடிவில் திருப்தியா?

முழுத் திருப்தி இல்லை. ஆயிரக்கணக்கான துறவிகள் பின்னணியில் ஓதுவதாக அவர் மனதில் கேட்டிருந்தது. அதற்கு முயன்றிருக்க வேண்டும் என்று பின்னர் வருத்தப்பட்டார். துறவிகள் வராததே நல்லது என்பேன். வந்திருந்தால் அது பக்திப் படத்தின் பின்னணி இசையாகியிருக்கும்.

மேடையில் வாசித்தார்களா?

இல்லை. 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் கடைசி முறையாகக் கட்டணக் கச்சேரி செய்தார்கள். ஆல்பம் வெளியாகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஆனால் 'ரிவால்வர்' பாட்டு ஒன்றைக்கூட வாசிக்கவில்லை. மற்றவர்கள் பிறகு துணிந்தார்கள். 1976-இல் பில் மான்சனேராவும் பிரையன் ஈனோவும் இருந்த 801 குழு மேடையில் வாசித்தது. 1981-இல் ஃபில் காலின்ஸ் தன் முதல் தனி ஆல்பத்தில் பாடினார்.

எந்தப் பதிப்பைக் கேட்பது?

முதலில் ஆல்பத்தில் வந்த மோனோ, அதாவது எல்லாச் சத்தமும் ஒரே வழியாக வரும் கலவை. அந்தக் காலத்தில் குழுவினர் அக்கறையோடு உட்கார்ந்து பார்த்தது மோனோ கலவையைத்தான். ட்ரம்மும் அதில்தான் முகத்தில் அறைகிறது. ஸ்டீரியோவில் லூப்கள் இடமும் வலமுமாக அலைவது வேறொரு சுகம்.

அடுத்து, 1996-இல் 'ஆந்தாலஜி 2' தொகுப்பில் வெளிவந்த முதல் டேக். மெதுவாக, சேற்றில் நடப்பது மாதிரி போகும். அதில் கடற்பறவை இல்லை, பின்னோக்கிய கிட்டார் இல்லை. லெஸ்லிக் குரலும் இருண்ட ஓர் அடிநாதமும்தான். முதல் டேக்கிலிருந்து ஆல்பம் வரை பாட்டு எவ்வளவு தூரம் நடந்தது என்பதை இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் உணர முடியும்.

சேகரிப்பாளர்களுக்கு ஒரு குறிப்பு: பிரிட்டனில் முதலில் அச்சான சில மோனோ ரெக்கார்டுகளில் 11-ஆம் எண் கலவை இருக்கிறது. கடைசி நேரத்தில் மார்ட்டின் மனம் மாறி 8-ஆம் எண் கலவையைப் போடச் சொன்னார். அந்த 11-ஆம் எண் 2022 அக்டோபரில் வந்த பெரிய தொகுப்பில் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. ஆகவே பழைய ரெக்கார்டுக்குப் பெரிய தொகை கொடுக்கும் முன் யோசியுங்கள்.

வீட்டில் இதைச் செய்து பார்க்க முடியுமா?

தாராளமாக. எந்த இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளும் போதும். தம்புரா செயலியைப் போட்டு ஒரே சுருதியை ஓடவிடுங்கள். அதன் மேல் மாறாத ஒரு தாளம். பிறகு வீட்டுச் சத்தங்கள் ஐந்தைப் போனில் பதிவு செய்து, ஒன்றை வேகம் கூட்டி, ஒன்றைத் திருப்பிப் போட்டு, ஒவ்வொன்றையும் லூப் ஆக்குங்கள்.

இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மென்பொருள் தானாகவே லூப்களைத் தாளத்தோடு ஒட்டிவைக்கும். அந்த வசதியை அணைத்துவிடுங்கள். லூப்களின் நீளம் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்க வேண்டும், ஒன்று 3.7 விநாடி, ஒன்று 5.2 என்கிற மாதிரி. அப்புறம் ஃபேடரைத் திரையில் கோடு வரைந்து ஏற்றி இறக்காமல், பாட்டு ஓட ஓடக் கையால் நகர்த்திப் பதிவு செய்யுங்கள். வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு ஃபேடர் கொடுங்கள். மூன்று நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் கேட்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.